பாலைவன ஓவியத்தின் முன் எப்படி நிற்பது

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் டயாலிசிஸ் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இது ஏழாவது வருடம். உலுரு என்ற பெரிய சிவப்புப் பாறையைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் போகிற வழியில் என் வீட்டில் ஓர் இரவு தங்குவார்கள். மறுநாள் காலையில் அவர்களை ஊருக்குள் இருக்கும் பூர்வகுடி மக்களின் ஓவியக் கேலரிகளுக்கு அழைத்துப் போவேன். பெரும்பாலும் 20 நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். "நல்லா இருக்கு, நம்ம புள்ளிக் கோலம் மாதிரியே இருக்கு" என்பார்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் சொன்னேன். அந்த நினைப்போடு உள்ளே போனால் பாதி ஓவியம் கண்ணில் படாது என்று பிறகுதான் புரிந்தது. இப்போதெல்லாம் முதல் நாள் இரவு சாப்பிடும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் புள்ளி விஷயம். கோலத்தில் புள்ளிதான் ஆரம்பம். புள்ளி வைத்த பிறகுதான் கோடு அதைச் சுற்றிப் போகும். இந்த ஓவியங்களில் பெரும்பாலும் அப்படியே தலைகீழ். இடங்களும் வழித்தடங்களும் முதலில் வந்துவிடும். புள்ளிகள் கடைசியில் வந்து சுற்றியுள்ள நிலத்தை நிரப்பும். சடங்குக்காக மண்ணிலும் உடம்பிலும் வரைந்துவந்த வடிவங்களிலிருந்து வந்தவை இந்த ஓவியங்கள். சில சமயம் வெளியாள் பார்க்கக் கூடாததை மூடி மறைக்கவும் புள்ளி உதவியிருக்கிறது. ஆக, புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தால், வீட்டை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு பாட்டி. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருவார். ஒவ்வொரு தடவையும் ஐந்து மணி நேரம் நாற்காலியில் இருக்க வேண்டும். இடது கையில் ஊசி, அசைக்கக் கூடாது. வலது கை மட்டும் சும்மா இருக்கும். ஒருநாள் உங்கள் ஊர் எது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மடியில் கிடந்த கம்பளியை உள்ளங்கையால் ஒரு பக்கமாகத் தடவிச் சமப்படுத்தினார். அது பஞ்சு மாதிரி மெத்தென்ற கம்பளி. விரல் போன இடமெல்லாம் கொஞ்சம் கறுத்துத் தெரியும். வட்டத்துக்குள் வட்டமாக ஒன்று போட்டார். "தண்ணி" என்றார். அங்கிருந்து ஒரு கோடு, கோட்டின் முடிவில் இன்னொரு வட்டம், அதன் ஓரத்தில் குதிரை லாடம் போல இரண்டு சின்ன வளைவுகள். "நான், அக்கா." அப்புறம் உள்ளங்கையால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அடுத்ததைப் போட்டார். அப்படித் துடைத்துத் துடைத்து, இரண்டு பெண் பிள்ளைகள் ஒரு நீர்க்குழியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போன கதை முழுவதையும் ஒரு கம்பளியில் சொல்லி முடித்தார். இங்கே பெண்கள் குழந்தைகளுக்கு மணலில் இப்படித்தான் கதை சொல்லி வந்திருக்கிறார்கள். பிட்ஜாந்ஜாரா மொழியில் இதற்கு மில்பட்ஜுனன்யி என்று பெயர்.

அந்த லாட வளைவு, சப்பணமிட்டு உட்கார்ந்தவர் எழுந்து போனபின் மணலில் பதிந்திருக்கும் தடம். அதாவது, மேலேயிருந்து பார்க்கும் பார்வை. அடுத்த வாரம் கேலரிக்குப் போனபோது, அதுவரை சுவரில் வெறும் அலங்காரமாகத் தெரிந்ததெல்லாம் தரையாகத் தெரிய ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஓவியத்தின் முன் நின்றால் "இது என்ன" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "இது எங்கே" என்றுதான் கேட்கிறேன். நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வரும்.

இந்தக் கண் கேலரிக்குப் போகும் முன்பே பழக வேண்டும். ஆலிஸுக்கு விமானத்தில் வந்தால் ஜன்னல் சீட் கேட்டு வாங்குங்கள். கடைசி ஒரு மணி நேரம் போனை வைத்துவிட்டுக் கீழே பாருங்கள். சிவப்பு மண்ணில் மணல்மேடுகள் இணைகோடுகளாகப் போகும். காய்ந்த ஆறுகள் வெளுத்து வளைந்து கிடக்கும். ஸ்பினிஃபெக்ஸ் புல் தனித்தனிக் குத்துகளாக, நடுவில் மண் தெரிய, நிலம் முழுக்கப் பரவியிருக்கும். மறுநாள் கேலரியில் நிற்கும்போது அது ஞாபகம் வரும். ஆனால் ஓவியர்கள் விமானத்திலிருந்து பார்த்து வரைந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் அந்த நிலத்தை நடந்தே அறிந்தவர்கள்.

நேரம் இருந்தால் ஊருக்குக் கிழக்கே சுமார் 10 கி.மீ. தள்ளியிருக்கும் எமிலி கேப் என்ற மலைப்பிளவுக்கும் போய்விட்டு வாருங்கள். அரன்டா மக்கள் ஆலிஸை ம்பார்ன்ட்வே என்கிறார்கள். கம்பளிப்புழு வடிவில் வந்த முன்னோர்கள் உண்டாக்கிய ஊர் அது என்பது அவர்கள் கதை. அந்தப் பிளவின் பாறையில் புழுக்களைக் குறிக்கும் சிவப்பு, வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன. தொடாமல் பாருங்கள். ஒரு கதையும் ஒரு மலையும் ஒரே பொருள்தான் என்பது அங்கே நின்றால் தெரியும்.

லேபிள்களில் 'ட்ரீமிங்' என்ற ஆங்கில வார்த்தை நிறைய வரும். கனவு என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் குழம்பிவிடும். வார்ல்பிரி, பிட்ஜாந்ஜாரா மொழிகளில் ஜுகுர்பா என்கிறார்கள். முன்னோர்கள் நடந்து நடந்து நிலத்தை உண்டாக்கிய காலம் அது. யார் யாரைக் கட்ட வேண்டும், எந்த நீர்க்குழியை யார் காக்க வேண்டும் என்ற சட்டமும் அதுவே. முடிந்துபோன பழங்கதையாக யாரும் அதைப் பேசுவதில்லை. இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு கதைக்கும் உரிமைக்காரர்கள் உண்டு. தன் அப்பா வழியிலோ அம்மா வழியிலோ உரிமை வந்த இடத்தைத்தான் ஒருவர் வரைய முடியும். மற்றவர் இடத்தை வரைவது மற்றவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது மாதிரி.

சரி, கேலரிக்குள் வந்துவிட்டோம். முதல் சுற்றில் எதையும் படிக்காதீர்கள். மெதுவாக ஒரு நடை நடந்து, கால் தானாக எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நின்ற இடத்தில் ஒரே ஓவியத்துக்குக் கால் மணி நேரம் கொடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று ஓவியம் பார்த்தால் போதும் என்பது என் கணக்கு. முப்பது பார்த்தால் மாலையில் ஒன்றுகூட மனதில் இருக்காது.

முதலில் ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். இந்த ஓவியங்களில் பெரும்பாலானவை கேன்வாஸைத் தரையில் விரித்து, அதைச் சுற்றி உட்கார்ந்து, சில சமயம் அதன் மேலேயே உட்கார்ந்து வரைந்தவை. மேல் கீழ் என்பது சுவரில் மாட்டும்போது வந்ததுதான். மனதுக்குள் அதைத் திரும்பவும் தரையில் இறக்குங்கள். வடக்கிலிருந்து ஒரு தடவை, தெற்கிலிருந்து ஒரு தடவை பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், காவலர் அனுமதிக்கும் தூரம் வரை கிட்டே போங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் மேடாக இருப்பது தெரியும். குச்சியின் மழுங்கிய முனையை நிறத்தில் தோய்த்து வைத்து எடுக்கும்போது, நடுவில் ஒரு சின்ன மூக்கு எழும்பிக் காய்ந்திருக்கும். நிறம் தீர்ந்து வரும்போது புள்ளி சிறுத்துக்கொண்டே போகும். மறுபடி தோய்த்ததும் பெரிதாகும். அந்தப் பெரிதும் சிறிதுமான வரிசையைத் தொடர்ந்தால் ஒருவர் கை எந்தத் திசையில் நகர்ந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். மூச்சு விடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி இருக்கும்.

சுற்றுலாக் கடைகளில் ஒரு அட்டவணை விற்பார்கள். வட்டம் என்றால் நீர்க்குழி, வளைவு என்றால் மனிதர், நெளிகோடு என்றால் ஓடும் தண்ணீர் என்று போட்டிருக்கும். பொய் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்க்காதீர்கள். அதே வட்டம் முகாமாகவும், குன்றாகவும், அடுப்பாகவும், தேன் எறும்புப் புற்றாகவும் இருக்கலாம். எது என்பது வரைந்தவருக்கும் அந்த இடத்துக்கும் தெரியும். வளைவின் பக்கத்தில் ஒரு நேர்கோடும் ஒரு நீள்வட்டமும் இருந்தால் தோண்டும் கழியும் மரத்தட்டும் வைத்திருக்கும் பெண். ஈட்டி இருந்தால் ஆண். இவ்வளவு தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

இப்போது லேபிளுக்கு வாருங்கள். தலைப்பை விட முக்கியமானது ஓவியரின் மொழியும் ஊரும். பின்டுபி, கிவிர்குரா என்றிருந்தால் போனில் வரைபடத்தைத் திறந்து கிவிர்குரா எங்கே என்று பாருங்கள். கிழக்கே வில்கின்கரா என்ற பெரிய உப்பு ஏரி தெரியும். அந்த ஏரியைச் சுற்றிய நிலத்திலிருந்துதான் 1984 அக்டோபரில், அதுவரை வெளியுலகத் தொடர்பே இல்லாமல் வாழ்ந்த ஒன்பது பேர் கொண்ட பின்டுபிக் குடும்பம் ஒன்று தன் சொந்தங்களிடம் வந்து சேர்ந்தது. அவர்களில் வார்லிம்பிர்ங்கா ஜபல்ஜாரியும் யுகுல்ட்ஜி நபங்காட்டியும் பின்னாளில் பெரிய ஓவியர்களானார்கள். வார்லிம்பிர்ங்காவின் கேன்வாஸில் மெல்லிய கோடுகள் நெருங்கி நெருங்கி, பார்க்கப் பார்க்கக் கண்முன் அசையும். வரைபடத்தில் அந்த ஏரியைப் பார்த்துவிட்டு அதைப் பாருங்கள். கானல் அசைவது மாதிரி எனக்குத் தோன்றியது.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜபல்ஜாரி, நபல்ஜாரி என்பதெல்லாம் குடும்பப் பெயர் என்று நினைத்து, எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்களா என்று கேட்பவர்கள் உண்டு. அது முறைப் பெயர். பின்டுபி, வார்ல்பிரி மக்களிடம் எட்டுப் பிரிவுகள். ஆணுக்கு 'ஜ', பெண்ணுக்கு 'ந' என்று தொடங்கும். ஜபல்ஜாரியும் நபல்ஜாரியும் அண்ணன் தங்கை முறை. ஜபல்ஜாரி கட்ட வேண்டிய முறை நகமாரா. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். முறை தெரியாமல் யாரையும் கூப்பிடத் தெரியாத ஊரிலிருந்துதானே வந்திருக்கிறோம்.

சில அறைகளின் வாசலில், இறந்தவர்களின் பெயரும் படமும் உள்ளே இருக்கின்றன என்று அறிவிப்பு இருக்கும். இறந்தவர் பெயரைச் சொல்லாமல் விடுவது இங்கே மரியாதை. பக்கத்தில் பூர்வகுடிக் குடும்பம் யாராவது நின்றுகொண்டிருந்தால் லேபிளில் உள்ள பெயரை உரக்கப் படிக்காதீர்கள். படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். ஆட்களைப் படம் எடுப்பதென்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

அப்புறம், கதையைத் தோண்டாதீர்கள். லேபிளில் இரண்டு வரிதான் இருக்கிறதே என்று கேலரி ஊழியரிடம் "முழுக்கதை என்ன" என்று மல்லுக்கு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானே அந்தப் பாட்டியிடம் ஒருநாள் அப்படிக் கேட்டேன். அவர் கம்பளியைத் துடைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்று முழுக்கப் பேசவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடியதை அவர்கள் சொல்லிவிட்டார்கள். மீதி, வயதும் உரிமையும் உள்ளவர்களுக்கு. 1970-களின் தொடக்கத்தில் பபுன்யாவில் வரைந்த பலகைகள் சிலவற்றில் அப்படிக் காட்டக் கூடாதவை வெளிப்பட்டுவிட்டன என்று பெரிய மனவருத்தம் ஏற்பட்டது. இன்றும் சிலவற்றை அருங்காட்சியகங்கள் பொதுவில் வைப்பதில்லை.

பபுன்யா என்றதும் அந்த வரலாற்றையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆலிஸுக்கு வடமேற்கே 240 கி.மீ. பல மொழி பேசுபவர்களை அரசாங்கம் ஒன்றாகக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். 1971-இல் அங்கே ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் ஊக்கம் கொடுக்க, பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்புக் கதையை வரைந்தார்கள். சில வருடத்தில் அந்தச் சுவருக்கே வெள்ளையடித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஆண்கள் கிடைத்த பலகைத் துண்டுகளிலெல்லாம் வரைய ஆரம்பித்திருந்தார்கள். 1972-இல் ஓவியர்களே சொந்தமாகப் பபுன்யா துலா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் கேலரி ஆலிஸில் டாட் மால் என்ற கடைத்தெருவில் இருக்கிறது. உள்ளே போக காசு வேண்டாம். என் விருந்தினர்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

புள்ளியே இல்லாத ஓவியத்தையும் ஒன்றாவது பார்த்துவிடுங்கள். அரலுவன் ஆர்ட்ஸ் சென்டரில் ஆல்பர்ட் நமட்ஜிராவின் நீர்வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. 1959-இல் இறந்தவர். ஊதா மலையும் வெள்ளை மரமுமாக, ஐரோப்பிய நிலக்காட்சி என்றே பலர் கடந்துபோவார்கள். அது அவர் சொந்த அரன்டா நிலம். நீங்கள் வந்த வழியில் பார்த்த அதே மலைத்தொடர்தான். மெல்பர்னில் இருப்பவர்கள் ஃபெடரேஷன் சதுக்கத்தில் உள்ள விக்டோரியா தேசியக் கேலரியைப் பாருங்கள். எமிலி கமெ ங்வாரே 1995-இல் வரைந்த, சுமார் எட்டு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள கிழங்கு ஓவியம் அவர்களுடையது. கறுப்பில் வெள்ளைக் கோடுகள் மட்டும். மண்ணுக்கடியில் கிழங்கு வேர் ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். கமெ என்ற அவர் பெயரே அந்தக் கிழங்கின் விதையைக் குறிக்கும். கேன்வாஸில் வரைய அவர் ஆரம்பித்ததே எழுபது வயதைத் தாண்டிய பிறகு. கான்பெராவில் உள்ள தேசியக் கேலரியிடம் கிளிஃபோர்ட் பாசம் ஜபல்ஜாரி 1977-இல் வரைந்த 'வார்லுகுலாங்' இருக்கிறது. ஒரு காட்டுத்தீயும் பல முன்னோர்களின் பயணங்களும் ஒரே கேன்வாஸில். 2007-இல் ஏலத்தில் 24 லட்சம் டாலருக்குப் போனது. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கேலரியில் பூர்வகுடி ஓவியங்களுக்கான யிரிபானா பகுதி இருக்கிறது. இந்த மூன்று நகரத்திலும் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

எங்கே போனாலும் ஏழு சகோதரிகள் கதை கண்ணில் படும். ஒருவன் துரத்த, ஏழு பெண்கள் பாலைவனம் முழுக்க ஓடிக் கடைசியில் வானத்துக்குப் போய்விடுகிறார்கள். அது நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்தான். நமக்கு ஆறு பெண்கள், அவர்களுக்கு ஏழு. ஏழு சின்ன வட்டங்களும் தனியாக ஒன்றும் தெரிந்தால் லேபிளைப் பாருங்கள், பெரும்பாலும் அந்தக் கதையாக இருக்கும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஓவியர்களே நடத்தும் ஆர்ட் சென்டர்களிலோ அவற்றிலிருந்து நேரடியாக எடுக்கும் கேலரிகளிலோ வாங்குங்கள். யுவெண்டுமு ஊரில் உள்ள வார்லுகுர்லாங்கு ஆர்ட் சென்டர், புல்லில் கூடை பின்னும் ஜான்பி பெண்கள் எல்லாம் நல்ல இடங்கள். ஜான்பி பெண்கள் புல்லிலேயே முழு அளவு டொயோட்டா வண்டி பின்னி 2005-இல் தேசிய விருது வாங்கியவர்கள். செப்டம்பரில் வந்தால் அரலுவனில் நடக்கும் டெசர்ட் மாப் கண்காட்சியையும் அதன் சந்தையையும் தவற விடாதீர்கள். ஓவியத்தோடு வரும் சான்றிதழில் ஓவியர் பெயர், மொழி, ஊர், கதை, பட்டியல் எண் எல்லாம் இருக்க வேண்டும். அதே எண் கேன்வாஸின் பின்புறமும் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். விற்பவர், நேர்மையான வியாபாரத்துக்கான இண்டிஜினஸ் ஆர்ட் கோட் அமைப்பின் உறுப்பினரா என்றும் கேளுங்கள். இந்தோனேசியாவில் செய்த பொருளைப் பூர்வகுடிக் கைவேலை என்று விற்ற ஒரு மொத்த வியாபாரிக்கு 2019-இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. டாட் மால் புல்தரையில் பெண்கள் தாங்களே வரைந்ததை விரித்து விற்பார்கள். பிடித்திருந்தால் உட்கார்ந்து பேசி வாங்குங்கள். பேரம் மட்டும் வேண்டாம்.

பேரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜானி வாரங்குலா ஜுபுருலா 1972-இல் வரைந்த தண்ணீர் ஓவியம் முதலில் 150 டாலருக்குப் போனது. 1997-இல் அதே ஓவியம் 2 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. வரைந்தவருக்கு அதில் ஒரு காசு வரவில்லை. இப்போது சட்டம் இருக்கிறது. 2010 முதல், 1,000 டாலரும் அதற்கு மேலும் மறுவிற்பனை ஆனால் 5 சதவீதம் ஓவியருக்கோ அவர் வாரிசுக்கோ போக வேண்டும்.

மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டாத கேன்வாஸாக வாங்கினால் நிறம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டச் சொல்லுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் புள்ளிகள் நசுங்கும். ஓவியர்களின் ஊர்களுக்கே போக ஆசைப்பட்டால் அந்தந்த நிலத்துக்குரிய அமைப்பிடம் (ஆலிஸைச் சுற்றிய ஊர்களுக்குச் சென்ட்ரல் லேண்ட் கவுன்சில்) அனுமதி வாங்கி, ஆர்ட் சென்டருக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். துக்கம் நடக்கும் ஊருக்குள் தெரியாமல் நுழைந்துவிடக் கூடாது.

நான் வேலை செய்யும் துறையோடும் இந்த ஓவியங்களுக்கு ஓர் உறவு உண்டு. சிறுநீரக நோய் வந்தால் பாலைவன ஊரான கின்டோரிலிருந்து 500 கி.மீ.க்கு மேல் பயணம் செய்து ஆலிஸுக்கு வந்து, ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்ற நிலை. 2000-இல் கின்டோர், கிவிர்குரா ஓவியர்கள் சேர்ந்து பெரிய கேன்வாஸ்களை வரைந்து சிட்னியில் ஏலம் விட்டார்கள். 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில் தொடங்கியதுதான் இன்று பர்ப்பிள் ஹவுஸ் என்ற பெயரில், பாலைவன ஊர்களிலேயே டயாலிசிஸ் நடத்தும் அமைப்பு. ஊரை வரைந்து ஊருக்குத் திரும்பும் வழியைச் சம்பாதித்தார்கள்.

என் வீட்டுச் சுவரில் 30-க்கு 30 செ.மீ. அளவில் ஒரு சின்ன ஓவியம் இருக்கிறது. பாட்டியின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வரைந்தது. மாட்டிய அன்று படம் எடுத்துப் போய் அவரிடம் காட்டினேன். போனைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கால்வாசி சுற்று திருப்பிக் கம்பளியின் மேல் படுக்கவைத்து, அந்தப் பெரிய வட்டம் ஜன்னல் பக்கம் வரும்படி நகர்த்தினார். ஜன்னல் மேற்கைப் பார்த்தது. உதட்டைக் குவித்து அந்தப் பக்கம் காட்டினார், இங்கே திசையைக் காட்டுவது அப்படித்தான். அன்று வீட்டுக்கு வந்ததும் ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டினேன்.